வாரண்டியில் உள்ள சீலிங் ஃபேன்: கெப்பாசிட்டரைச் சோதிக்காமலே ‘காயில் எரிந்தது’ என்று எழுதிக் கொடுத்தது குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மா,

வணக்கம். இதற்கு முன் பதினோரு முறை போன் செய்துவிட்டேன். மூன்று கம்ப்ளைன்ட் நம்பர் வாங்கினேன். மூன்றும் "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டிருக்கின்றன. ஃபேன் மட்டும் இன்னும் சுற்றவில்லை. இனி போனில் பேசிப் பயனில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

படுக்கையறை ஃபேன், உங்கள் தயாரிப்பு, வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. வாரண்டி இரண்டு வருடம். ஆரம்பத்தில் ஐந்தில் வைத்தாலும் மூன்றில் வைத்த வேகம்தான் வந்தது. அப்புறம் ஸ்விட்சைப் போட்டால் கிளம்பவே நேரம் எடுத்தது. கடைசியில் "ம்ம்ம்" என்று உறுமிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. குச்சியால் வலப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் சுற்றுகிறது, இடப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் சுற்றுகிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று ஃபேன் செய்து விற்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதையே முதல் போனிலேயே வரி மாறாமல் சொன்னேன். மோட்டாரைக் கிளப்பிவிடும் பாகமான கெப்பாசிட்டர் பழுதாகியிருக்கலாம், பாருங்கள் என்றும் சொன்னேன்.

அதற்கு உங்கள் கஸ்டமர் கேர் ஊழியர் சொன்ன பதில்: "மேடம், உங்களுக்கு இதெல்லாம் புரியாது. வீட்ல ஜென்ட்ஸ் யாராவது இருந்தா போனை அவங்ககிட்ட குடுங்க."

அந்த அழைப்பைப் பதிவு செய்வதாக உங்கள் இயந்திரக் குரல்தான் சொன்னது. தயவுசெய்து அதை எடுத்துக் கேளுங்கள். வீட்டில் நானும் எழுபது வயதைத் தாண்டிய என் அம்மாவும்தான் இருக்கிறோம் என்று சொன்ன பிறகும், "தள்ளிவிட்டா ஓடுதுல்ல, அப்புறம் என்ன கம்ப்ளைன்ட்?" என்று கேட்டார். நின்றுபோன மோட்டாரில் மின்சாரம் பாய்ந்துகொண்டே இருந்தால் அதன் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுற்று) சூடாகும். அப்படியே தள்ளி ஓட்டச் சொன்னவர் உங்கள் ஆள்! என் அம்மா ஒரு நாள் இரவு நான் தூங்குகிறேனே என்று எழுப்பாமல், ஸ்டூல் மேல் ஏறித் தள்ளப் பார்த்திருக்கிறார். விழுந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

முதலில் வந்த டெக்னீஷியன் ஏணி ஏறவே இல்லை. கீழே நின்று சத்தத்தைக் கேட்டுவிட்டு, சர்வீஸ் ஷீட்டில் "காயில் எரிந்தது, மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, வாரண்டி பொருந்தாது" என்று எழுதி, வந்ததற்கான கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு போனார். அவரிடம் மல்டிமீட்டர் இல்லை. மின்சாரம் வருகிறதா என்று மட்டும் காட்டும் டெஸ்டர்தான் இருந்தது. டெஸ்டரை வைத்துக் காயில் எரிந்ததைக் கண்டுபிடிக்க முடியுமா? மூன்றாவதாக வந்தவர் கெப்பாசிட்டரை மாற்றினார், அது உண்மை. ஆனால் 2.5 மைக்ரோஃபாரட் (கெப்பாசிட்டரின் திறனைச் சொல்லும் அளவு) இருக்க வேண்டிய இடத்தில் "இதுதான் கையில இருக்கு" என்று 4 மைக்ரோஃபாரட் போட்டார். அரை மணி நேரத்தில் மோட்டார் கை வைக்க முடியாத சூடு. நான்தான் நிறுத்தி, கழற்றச் சொல்லி, பழையதையே போட வைத்தேன். விட்டிருந்தால் உங்கள் ஷீட்டில் எழுதியிருப்பது நிஜமாகவே நடந்திருக்கும்.

நடுவில் நடந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். இரண்டாவது ஆள் ஏணி இல்லை என்று திரும்பிப் போனதும், ஃபேனைக் கழற்றி சர்வீஸ் சென்டருக்கே கொண்டுவரச் சொன்னீர்கள். ஆள் வைத்துக் கழற்றி, அரைநாள் லீவு போட்டு, அந்த கனத்தை நானே தூக்கிக்கொண்டு வந்தேன். ஒன்றே கால் மணி நேரம் டோக்கனோடு உட்கார வைத்துவிட்டு, "இறக்கை கொண்டு வரலையே, இறக்கை இல்லாம டெஸ்ட் பண்ண முடியாது" என்று திருப்பி அனுப்பினார்கள். கெப்பாசிட்டரைச் சோதிக்க இறக்கை எதற்கு? மீட்டரும் இரண்டு வயரும் போதும். அந்த ஒரு நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அதனால் நானே சோதித்தேன். மெயினை அணைத்து, மேல் கப்பை இறக்கி, கெப்பாசிட்டரின் இரண்டு முனைகளையும் ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சேர்த்து மிச்ச சார்ஜை இறக்கிவிட்டு, ஒரு வயரைப் பிரித்து மல்டிமீட்டரில் அளந்தேன். உறையில் அச்சிட்டிருப்பது 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட், கூட்டல் கழித்தல் 5 சதவீதம். அப்படியென்றால் 2.375-க்குக் கீழே இறங்கக் கூடாது. மீட்டர் காட்டியது 0.4. மூன்று முறை அளந்தும் அதேதான். பிறகு காயிலையும் பார்த்தேன். அதிலுள்ள ஒரு வைண்டிங் (சுற்று) 155 ஓம், இன்னொன்று 170 ஓம், வெளி முனைகளுக்கு நடுவில் 325 ஓம். கூட்டிப் பாருங்கள், கணக்கு சரியாக வருகிறது, காயில் எங்கும் அறுபடவில்லை. மோட்டார் உடலுக்கும் வயருக்கும் தொடர்பே இல்லை. கருகிய வாசனையும் இல்லை. கையால் சுழற்றினால் தடையில்லாமல் சுற்றுகிறது, ஆகவே பேரிங்கும் நன்றாக இருக்கிறது. ரெகுலேட்டரை விலக்கி நேராகக் கொடுத்தும் பார்த்தேன், அதே உறுமல்தான்.

கடைசியாக, கூடத்தில் ஓடும் உங்களுடைய அதே மாடல் ஃபேனிலிருந்து கெப்பாசிட்டரைக் கழற்றி இதில் போட்டேன். ஸ்விட்சைத் தட்டியதும் ஃபேன் தானாகக் கிளம்பி முழு வேகத்தில் சுற்றியது. எரிந்த காயில் இப்படிச் சுற்றுமா? எல்லாவற்றையும் வீடியோ எடுத்து இணைத்திருக்கிறேன். ஏழு வாரமாக உங்கள் நிறுவனத்தில் ஒருவரும் செய்யாத சோதனையை நான் இருபது நிமிடத்தில் முடித்தேன்.

வெளியில் ஒரு கெப்பாசிட்டர் வாங்கிப் போட்டுக்கொள்ள எனக்குத் தெரியாதா? வெளிப் பாகம் போட்டால் வாரண்டி செல்லாது என்று உங்கள் அட்டைதானே சொல்கிறது! அதை மதித்துத்தான் காத்திருந்தேன். காத்திருந்ததில் என் தூக்கம் போனது, அலுவலகத்தில் பெயர் போனது, அம்மாவின் உடம்பு கெட்டது. இந்தக் கோடையே எங்களுக்கு நரகமாகிவிட்டது. இதையெல்லாம் ஒரு சின்னக் கெப்பாசிட்டரால் ஈடுகட்ட முடியாது.

இருந்தாலும் பணிவாகவே கேட்கிறேன். "காயில் எரிந்தது" என்ற பதிவை நீக்கி, அது தவறு என்று எழுத்தில் கொடுங்கள். வாங்கிய கட்டணத்தைத் திருப்புங்கள். அந்த ஊழியர் பேசியதற்கு எழுத்தில் மன்னிப்பு வேண்டும், இதை நான் விடப்போவதில்லை. சரியான 2.5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரோடு, ஏணியும் மல்டிமீட்டரும் கொண்டுவரும் ஒருவரை அனுப்புங்கள். போடுவதற்கு முன் என் கண்ணெதிரே அளந்து காட்ட வேண்டும். பத்து நாளில் இது நடக்காவிட்டால் சர்வீஸ் ஷீட், வீடியோ, அழைப்பு விவரம் அனைத்தோடும் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை, மனுவை எழுதி வைத்துவிட்டேன்.

பதில் சொல்ல அழைப்பதானால் என்னிடம் பேசுங்கள். போனை வேறு யாரிடமும் கொடுக்கச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், வாரண்டி அட்டை நகல், மூன்று சர்வீஸ் ஷீட்டுகள், சோதனை வீடியோ