வயர் அறுந்தால் பஸ்ஸர் அலற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுபாங் பக்கம் விமானப் பராமரிப்பு படிக்கும் நம் பிள்ளைகள் செயல்திட்டமாகச் செய்ய ஏற்ற ஒன்று, கிளைடரின் காக்பிட்டில் வைக்கும் சக்கர எச்சரிக்கை பஸ்ஸர். செலவு குறைவு. பாகங்கள் ஜாலான் பாசார் கடைகளிலேயே கிடைக்கும். ஆனால் எல்லாரும் முதலில் வரையும் வரைபடத்தில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எஞ்சின் இல்லாமல் பறக்கும் கிளைடர்கள் பலவற்றில் சக்கரத்தை உள்ளே மடக்கிக்கொள்ளலாம். தரையிறங்கும்போது பைலட் நீல நிறக் கைப்பிடியை இழுத்து இறக்கையில் உள்ள ஏர்பிரேக் தகடுகளைத் திறப்பார். சக்கரத்தை இறக்க மறந்துவிட்டு ஏர்பிரேக்கைத் திறந்தால் பஸ்ஸர் அலற வேண்டும். அவ்வளவுதான் தேவை. இதற்கு இரண்டு சுவிட்சுகளை வரிசையாகக் கோத்துவிடுவார்கள்: ஏர்பிரேக் பூட்டு விலகினால் ஒன்று மூடும் (மூடினால்தான் மின்சாரம் பாயும்), சக்கரம் மேலே இருந்தால் மற்றொன்று மூடும். மேசைமேல் வைத்துப் பார்த்தால் அருமையாக வேலை செய்யும். விமானத்தில் ஒரு வயர் அறுந்தாலோ, ஒரு முனை கழன்றாலோ சத்தமே வராது. அந்த அமைதியைப் பைலட் “சக்கரம் இறங்கிவிட்டது” என்றுதான் எடுத்துக்கொள்வார். பஸ்ஸரே இல்லாத கிளைடரிலாவது அவர் சக்கரக் கைப்பிடியைத் தானே ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

எனவே சக்கர சுவிட்சைத் தலைகீழாக யோசிக்க வேண்டும். சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டால் மட்டுமே அது மூட வேண்டும். ஏர்பிரேக் சுவிட்சைத் தாண்டி வரும் 12 வோல்ட் வயரிலிருந்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒரு பிசி 547 டிரான்சிஸ்டரின் பேஸுக்குக் கொடுங்கள். (பேஸ், எமிட்டர், கலெக்டர் என இதற்கு மூன்று கால்கள். பேஸுக்குள் சிறு மின்சாரம் போனால், கலெக்டரிலிருந்து எமிட்டருக்குப் பெரிய மின்சாரம் பாயும்.) எமிட்டர் நெகட்டிவுக்கு. பஸ்ஸர், அதே 12 வோல்ட் வயருக்கும் கலெக்டருக்கும் நடுவில். சக்கர சுவிட்ச், பேஸுக்கும் நெகட்டிவுக்கும் நடுவில். சக்கரம் பூட்டியிருந்தால் பேஸ் நெகட்டிவோடு சேர்ந்துவிடும், பஸ்ஸர் அடங்கியிருக்கும். சக்கரம் மேலே இருந்தாலும் சரி, சக்கர சுவிட்சின் வயர் அறுந்தாலும் சரி, சத்தம் வரும். பேஸுக்குப் போவது ஏறக்குறைய 1 மில்லிஆம்ப். 20 மில்லிஆம்ப் இழுக்கும் பியஸோ பஸ்ஸருக்கு அது தாராளம்.

ஏர்பிரேக் பக்கத்து வயர் அறுந்தால் இதிலும் மௌனம்தான். அதனால் அந்த வயருக்கும் நெகட்டிவுக்கும் நடுவில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு ஒரு எல்இடி விளக்கு வையுங்கள். பறக்கும் முன் ஏர்பிரேக்கைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் அது எரிய வேண்டும். எரியாவிட்டால் வயரில் கோளாறு. ஏர்பிரேக்கைப் பூட்டாமலே கிளம்புவது சக்கரத்தை மறப்பதைவிட ஆபத்தானது. அப்போதும் இந்த விளக்குதான் காட்டிக்கொடுக்கும். வெயிலில் மங்காத பிரகாசமான எல்இடியாக வாங்கி, கருவிப் பலகையின் மேல் விளிம்பில் வையுங்கள்.

சக்கர சுவிட்சின் வயரில், பலகை அருகே, அழுத்தினால் திறக்கும் பொத்தான் ஒன்றும் வேண்டும். தரையில் ஏர்பிரேக்கைத் திறந்துவைத்து அதை அழுத்தினால் பஸ்ஸர் அலற வேண்டும். சுவிட்சின் இரண்டு வயர்களும் நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தால் இந்தப் பொத்தானுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க, பரிசோதனையின்போது கிளைடரைத் தாங்கிமேல் ஏற்றிச் சக்கரத்தை உண்மையாகவே மடக்கிப் பார்க்க வேண்டும்.

சுவிட்ச் வாங்கும்போதுதான் பலர் தவறுகிறார்கள். 5 ஆம்ப் என்று அச்சிட்ட மைக்ரோ சுவிட்சின் வெள்ளி முனைகளில் நம் ஊர் ஈரக்காற்றுக்கு மெல்லிய படலம் படியும். 1 மில்லிஆம்ப் மின்சாரத்தால் அந்தப் படலத்தை உடைக்க முடியாது. சக்கரம் சரியாக இறங்கியிருந்தும் பஸ்ஸர் அலறும். நாலு முறை அலறினால் யாராவது ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். தங்க முலாம் பூசிய முனைகள் உள்ளதையோ, கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்த, காந்தம் அருகே வந்தால் இயங்கும் ரீட் சுவிட்சையோ வாங்குங்கள்.

ரீட் சுவிட்சின் காலை வெறும் விரலால் மடக்காதீர்கள். கண்ணாடிக்கும் மடிக்கும் இடத்துக்கும் நடுவில் குறடால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, 3 மில்லிமீட்டராவது தள்ளி மடக்க வேண்டும். இல்லையென்றால் கால் நுழையும் இடத்தில் மயிரிழை விரிசல் விழும். அன்று வேலை செய்யும். பிறகு ஈரம் புகுந்து உள்ளே இருக்கும் இரும்புக் கலவை நாக்கு துருப்பிடிக்கும். ரீட் சுவிட்சை இயக்கும் காந்தத்தைத் திசைகாட்டியிலிருந்து தள்ளி வைத்து, திசைகாட்டியின் முள் விலகவில்லையா என்று பாருங்கள். ஏர்பிரேக் கைப்பிடி, பூட்டின் கடைசி “டக்” தாண்டாமல் நின்றாலும் பூட்டியது போலவே தெரியும். சுவிட்ச் அந்த நிலையையும் ஏர்பிரேக் திறந்திருக்கிறது என்றே காட்டும்படி காந்தத்தின் இடத்தைச் சரிசெய்ய வேண்டும். இதற்கு அரை நாள் போனாலும் தகும்.

ரேடியோவில் பேசும்போது பஸ்ஸர் கீச்சிட்டால், டிரான்சிஸ்டரின் பேஸ், எமிட்டர் கால்களுக்குக் குறுக்கே, ஒட்டினாற்போல், 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று போதும்.

ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில் இருக்க வேண்டும். பலகையில் மட்டும் வைத்தால், நடுவில் உரசி ஷார்ட் ஆகும் வயரை அது காப்பாற்றாது. 7 ஆம்ப் அவர் பேட்டரிகூட அந்த வயரைப் பழுக்கக் காய்ச்சிவிடும். எச்சரிக்கைச் சுற்றுக்குத் தனியாக 1 ஆம்ப் ஃபியூஸ் போடுங்கள். ரேடியோ சுவிட்சிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள்: ரேடியோவை அணைத்தால் பஸ்ஸரும் செத்துவிடும். வீட்டு பிவிசி வயர் எரிந்தால் மூடிய காக்பிட்டில் மூச்சுமுட்டும் புகை. விமானத்துக்கான டெஃப்செல் வயர், 22 கேஜ், வாங்குங்கள். சால்டர் வைத்த இடத்தில் இழைகள் விறைத்து, அதிர்வில் அந்த விளிம்பிலேயே முறியும். அசையும் இடங்களில் கிரிம்ப் செய்து (உலோக முனையை வயர்மேல் நசுக்கிப் பொருத்தி), பக்கத்திலேயே கட்டுங்கள். இருக்கைக்கு அடியில் கட்டுப்பாட்டுத் தண்டுகள் ஓடுகின்றன. தொங்கும் வயர் அதில் சிக்கினால் பஸ்ஸரால் பயனில்லை. வேலை முடிந்ததும் ஸ்டிக்கையும் பெடலையும் எல்லாப் பக்கமும் கடைசிவரை அசைத்துப் பாருங்கள். பதிவு பெற்ற விமானம் என்றால் உரிமம் பெற்ற பொறியாளர் பார்த்துக் கையெழுத்திடாமல் ஒரு வயரும் சேர்க்கக் கூடாது.

தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் இப்படிப்பட்ட வரைபடம் எதையும் வெளியிடும்போது, அந்தச் சோதனைப் பொத்தானையும் எல்இடியையும் சேர்த்து, பாகங்களின் பெயர்களைத் தமிழிலேயே எழுதி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
விமான மின்கருவிப் பராமரிப்பில் உள்ள வாசகர்கள்,
செந்தூல், கோலாலம்பூர்