கடலை டப்பாவைத் திறக்குமுன் ஒரு கிண்ணம்: வியட்நாம் தெருக்கடைக்காரர்களுக்கு நன்றி மடல்

ஹனோய், ஹுவே, ஹோய் அன் ஊர்களில் எங்களுக்கு வயிறார உணவு தந்த அனைவருக்கும் வணக்கம்.

என் கணவருக்கு வேர்க்கடலை ஆகாது. கொஞ்சம் உள்ளே போனாலே உதடு வீங்கும், மூச்சு இரைக்கும். ஊசி மருந்து எப்போதும் பையில் இருக்கும். வியட்நாமிலோ வறுத்து நொறுக்கிய கடலையைக் கடைசியில் மேலே தூவுவது பல பண்டங்களுக்கு வழக்கம். "தெருப்பக்கம் போய்ச் சாப்பிடாதீர்கள்" என்று சொல்லித்தான் வீட்டில் அனுப்பினார்கள். ஆனால் அந்த நாட்டுச் சமையலின் உயிரே நடைபாதையில்தான் இருக்கிறது. ஒரு கடை, ஒரே பண்டம், அதையே செய்து செய்து பழகிய கை. அதை விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. அந்தக் குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல்களில் நாங்கள் தைரியமாக உட்கார்ந்தது உங்களால்தான்.

ஹனோய் பழைய நகரத்தில் நாங்கள் தங்கிய விடுதியின் வரவேற்பறைத் தங்கைக்கு முதல் நன்றி. விஷயத்தைச் சொன்னதும் ஓர் அட்டையை எடுத்து, இவருக்குக் கடலை உயிராபத்து, எண்ணெயில்கூடக் கூடாது என்று கொட்டை எழுத்தில் உங்கள் மொழியில் எழுதித் தந்தீர்கள். கடலைக்கு வடக்கே ஒரு பெயர், தெற்கே ஒரு பெயராம், இரண்டையும் எழுதினீர்கள். கடலை சேராத பண்டம் எந்தத் தெருவில் கிடைக்கும் என்று வரைபடத்தில் குறித்தும் கொடுத்தீர்கள். காலையில் ஃபோ என்னும் நூடுல்ஸ் சூப், பகலில் கரி அடுப்பில் சுட்ட பன்றி இறைச்சியோடு புன் சா என்னும் அரிசி நூடுல்ஸ். இரண்டும் அருமை.

அப்புறம் பான் குவான் என்னும் அரிசி மாவுச் சுருள் விற்கும் அக்கா. தங்கையே, இந்தப் பகுதியை நீங்கள்தான் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அக்கா, கொதிக்கும் பானையின் வாயில் இழுத்துக் கட்டிய துணிமேல் அரிசி மாவை ஊற்றி, கரண்டியின் அடிப்பக்கத்தாலேயே வட்டமாகத் தேய்த்து மூடினீர்கள். எங்கள் ஊரில் துணி போட்டு இட்லி அவிப்பது மாதிரிதான், ஆனால் இது கண்ணாடிபோல் மெலிசு; ஒரு நிமிடத்துக்குள் வெந்துவிடுகிறது. மூங்கில் குச்சியை அடியில் செருகி அலுங்காமல் தூக்கி, தட்டில் விரித்து, கொத்துக்கறியும் மரக்காளானும் வைத்துச் சுருட்டினீர்கள். மேலே வறுத்த வெங்காயம் தூவப்போன கை, அட்டையைப் படித்ததும் நின்றது. வெங்காயம் எந்த எண்ணெயில் வறுத்தது என்று உள்ளே குரல் கொடுத்துக் கேட்டீர்கள். வெளியே வாங்கியது, தெரியாது என்று பதில் வந்திருக்க வேண்டும். அதை அப்படியே ஒதுக்கிவிட்டு, சோயா எண்ணெய் பாட்டிலின் லேபிளை எங்களுக்குத் திருப்பிக் காட்டி, புதிதாக வெங்காயம் நறுக்கி வறுத்தீர்கள். பின்னால் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அவர்களுக்கும் நன்றி.

இன்னொரு கடையில், எது என்று சொல்ல வேண்டாம், அட்டையைப் பார்த்த பிறகும் கடலை விழுந்த கிண்ணம் வந்துவிட்டது. கீரைக்கு அடியில் கிடந்ததால் எங்கள் கண்ணில் படவில்லை. பக்கத்து ஸ்டூலில் இருந்த பெரியவர் சட்டென்று கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சாப்ஸ்டிக்கால் கீரையைத் தள்ளிக் காட்டியபோதுதான் எங்களுக்கு உயிர் வந்தது. ஐயா, உங்கள் பெயரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. இவர் நலமாக இருக்கிறார்.

ஹுவேயில் கோம் ஹென் விற்கும் அம்மாவை என்ன சொல்லி வாழ்த்துவது! ஹுவோங் ஆற்று மட்டிச் சதை, ஆறிய சோறு, இறால் விழுது, நறுக்கிய கீரை, எள், பொரித்த பன்றித் தோல், கூடவே கைநிறையக் கடலை. அதுதான் அந்தச் சோற்றின் இலக்கணம். அம்மா, நீங்கள் அட்டையைப் படித்துவிட்டு மாட்டேன் என்று தலையாட்டினீர்கள். எல்லாக் கிண்ணமும் கரண்டியும் கடலைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன, தர மாட்டேன். அந்த மறுப்புக்கே தனியாக நன்றி சொல்ல வேண்டும். வியாபாரம் போனாலும் போகட்டும் என்று நினைக்கிறவர்தான் அப்படிச் சொல்ல முடியும். பிறகு உங்கள் மகன் கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டினார்: நாளைக் காலை, கடலை டப்பாவைத் திறக்குமுன் வாருங்கள். வந்தோம். கழுவித் துடைத்த பாத்திரத்தில் முதல் சோறு இவருக்கு. கடலையின் மொறுமொறுப்புக்கு ஈடாகப் பன்றித் தோலை இரட்டிப்பாக அள்ளிப் போட்டீர்கள். காரம் கண்ணில் நீர் வரவழைத்தது. இவர் இன்னொரு கிண்ணம் கேட்டார்.

ஹோய் அன்னில் மீ குவாங், காவ் லாவ் என்னும் இரண்டு நூடுல்ஸ் வகைகளும் விற்ற கடைக்கார அம்மாவுக்கு: மீ குவாங்கில் கடலை உண்டு, காவ் லாவில் இல்லை, ஆனால் என் கடையில் இரண்டும் ஒரே மேசையில்தான் தயாராகிறது என்று சைகையிலேயே புரியவைத்தீர்கள். காவ் லாவ் மட்டும் போடும் எதிர்க்கடைக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போய், அவர்களிடம் விவரம் சொல்லி உட்காரவைத்தீர்கள். அந்தத் தடித்த நூடுல்ஸின் பிடிமானம் வேறெங்கும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. உங்கள் கடையில் கரும்புச்சாறாவது குடிக்கிறோம் என்று திரும்பி வந்தால், அதற்கும் காசு வாங்க மறுத்துவிட்டீர்கள். அடுத்த முறை வரும்போது நான் உங்களிடம் மீ குவாங் சாப்பிடுகிறேன். இவர் எதிர்க்கடையில் இருப்பார்.