உன் ஊரு மூஸும் எங்க பிளாக்குல பூந்த யானையும்

டேய் செல்வா,

எப்படிடா இருக்க மச்சான், தங்கச்சியும் புள்ளைங்களும் சுகமா. இங்க மலேசியால எல்லாரும் சுகம், அம்மாவுக்கு மட்டும் முட்டி வலி, குளுவாங் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலையறோம். வாட்ஸப்ல ரெண்டு வார்த்தைல முடிச்சிடறேன்னு கோவிச்சிக்கிட்டல்ல, அதான் இன்னிக்கு உக்காந்து நீளமா டைப் பண்றேன், திட்டாம படி.

நீ அனுப்பின அந்த லிங்க் என் தூக்கத்த கெடுத்துடுச்சுடா. மூஸுன்ற பெரிய மான் ஜாதி ஆத்த தாண்டறத காட்ட சுவீடன் டிவிக்காரன் ஆத்தங்கரைல கேமராவ வச்சிட்டு ராத்திரி பகலா ஓட விட்றான், முக்கால்வாசி நேரம் தண்ணி ஓடும், மரம் நிக்கும், வேற ஒண்ணும் நடக்காது. இதயே 2019லேர்ந்து வருஷா வருஷம் காட்றானாம், சனங்க வேலை வெட்டிய விட்டுட்டு பாக்குதாம், என்னடா கூத்துன்னு தான் மொதல்ல நெனச்சேன். ஆனா உங்க ராத்திரி பத்து மணி எங்களுக்கு விடியக்கால நாலு, தோட்டத்துல காலைல பேர் கூப்பிடற பெரட்டுக்கு எந்திரிக்கற நேரம், கோப்பிய கலக்கிட்டு போன தொறந்தா ஒரு பொட்ட மூஸு, பின்னாலயே போன வருஷத்து குட்டி, ரெண்டும் கரைல நின்னு மோந்து பாத்து, எறங்கலாமா வேணாமான்னு யோசிச்சி, திரும்பி நடந்து, மறுபடி வந்து, கடைசில தொபக்குன்னு எறங்கி நீந்துச்சுங்க பாரு, நான் கோப்பிய குடிக்கவே மறந்துட்டேன். நம்ம காட்டு ருசா மான் மாதிரின்னு நெனச்சா, இது தோள் உயரமே ரெண்டு மீட்டர் வரைக்கும் வருமாமே!

அதுக்கப்புறம் தேடித் தேடி படிச்சேன். சுவீடன்ல இருக்கற உனக்கு குளுவாங்லேர்ந்து நான் பாடம் எடுக்கறேன்னு சிரிக்காத. வடக்குல குளுரு காலத்துல பனி கொறச்சலா இருக்கற எடமா பாத்து எறங்கி வந்து கூடுதுங்க, பனி 70 சென்டிமீட்டர தாண்டிட்டா அவ்ளோ நீட்டு காலுக்கும் நடக்க முடியலயாம், அப்ப பைன் கிளை, குச்சி, பட்டைன்னு கெடைச்சத தின்னுட்டு அசையாம கெடக்கும். ஏப்ரல் மேல பனி கரைஞ்சதும் புது தளிர தேடி மேக்கால மேடு ஏறும், அந்த வழிலதான் அந்த ஆறு. மே கடைசி, ஜூன்ல குட்டி போடும், அதுக்கு முந்தி போன வருஷத்து குட்டிய ஆத்தாளே வெரட்டி விட்ரும். வழி தெரியாத அந்த ஒரு வயசு பயலுங்கதான் ரோட்டுல வந்து முழிக்குது, அந்த மாசத்துல நீ காடி ஓட்டும்போது பாத்துக்க. வெயில் 14 டிகிரிய தாண்டினாலே அதுக்கு ஒடம்பு காந்துமாம், குளத்துல எறங்கி நின்னு தண்ணிச் செடிய மேயும், உப்புச் சத்தும் அதுலதான் கெடைக்குது. எங்க ஊர்ல ஒரு நாள் விட்டா செத்தே போயிரும்.

போன செப்டம்பர்ல உன் காடிக்கு முன்னால ஒண்ணு வந்து மலை மாதிரி நின்னுச்சு, ஹாரன் அடிச்சும் நகரல, புத்தி கெட்ட மிருகம்னு எழுதியிருந்தியே, அது சரியில்ல மச்சான். செப்டம்பர் அக்டோபர் அதுங்களுக்கு சோடி சேர்ற காலம், கெடா சோறு தண்ணி மறந்து அலையும், எடை மளமளன்னு எறங்கும், உன் ஹாரன் அதுக்கு ஒரு பொருட்டா? அதுவும் காடி அடிச்சா அடி கால்ல பட்டு மேல் ஒடம்பு அப்படியே கண்ணாடி மேல வந்து விழும், அதான் ஆளுங்க சாகறாங்க. உங்க ஊர்ல மூஸு குறுக்க வந்தா காடிய சடார்னு ஒடிச்சி திருப்ப முடியுதான்னு பாக்க டெஸ்டே ஒண்ணு வச்சிருக்கானே, 1997ல மெர்சிடிஸ் ஏ கிளாஸ் குடை சாஞ்சுச்சே, அதேதான். மெதுவா போ.

2011ல ஒரு மூஸு ஆப்பிள் மரத்துல ஏறி மாட்டிக்கிச்சாமே, புளிச்ச பழத்த தின்னு போதைன்னு சொன்னாங்களாம். நம்ம பழைய கள்ளுக்கடை வாசல்ல யாரு யாரு எப்படி கெடந்தாங்கன்னு ஞாபகம் வந்து தனியா சிரிச்சேன், பேர் வேணாம், அவங்க புள்ளைங்க இப்ப பெரிய ஆளுங்க.

சரி, இங்கத்த கதைக்கு வரேன். பழைய மரத்த எடுத்துட்டு ரீபிளாண்ட் பண்ண செம்பனை பிளாக்குல யானை பூந்துடுச்சு. ஒரு ராத்திரில வரிசை வரிசையா செம்பனை கண்ண புடுங்கி, குருத்த மட்டும் தின்னுட்டு மிச்சத்த வீசிட்டு போயிருக்கு. பங்களாதேஷ் பையனுங்க பயந்து ரெண்டு நாளு வேலைக்கே வரல. சின்ன தொர, அதான் அசிஸ்டன்ட் மானேஜர், ஆபீஸ்ல கத்தறாரு, காட்டு மிருக இலாகா பெர்ஹிலித்தானுக்கு போன் போடு, புடிச்சி தூரக் காட்டுல விட்டுட்டா தீந்துச்சுன்னு. நான் வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்கல, சார் அது நம்ம தோட்டத்துக்கு வரல, அது பாட்டன் முப்பாட்டன் நடந்த பாதைல வருது, நடுவுல நாமதான் செம்பனை நட்டிருக்கோம்னேன். ஆள மேய்க்கற மண்டோருக்கு என்ன வந்துச்சுன்னு என்னய பாத்தாரு. மூஸ வச்சிதான் சொன்னேன். அமெரிக்கால மூஸயும் காட்டு ஆட்டயும் புடிச்சி புது எடத்துல கொண்டு விட்டத ஆராஞ்சி 2018ல எழுதியிருக்காங்க, விட்ட உடனே அதுங்களுக்கு எங்க எப்ப போவணும்னே தெரியல, ஆத்தா போற வழிய குட்டி பாத்து, அது அதோட குட்டிக்கு காட்டி, மூஸு கூட்டம் அந்தப் பழக்கத்துக்கு வர 90 வருஷம் வரைக்கும் ஆவுதாம். அப்ப கெழட்டு யானை முன்னால நடக்க மிச்சது பின்னால போற கூட்டத்த லாரில ஏத்தி எங்கயோ எறக்கினா அது என்ன பண்ணும்? அங்க உள்ள தோட்டத்துல பூரும், இல்ல நடந்தே திரும்பி வரும், சிலது வந்தும் இருக்கு. கரண்டு வேலி போடுங்க, ஆனா காட்டோரமா அதுங்க போக ஒரு சந்து விட்டுட்டு போடுங்கன்னேன். சரி பாக்கலாம்னாரு, பாக்க மாட்டாருன்னு நெனக்கிறேன், நட்ட கண்ணுக்கு கணக்கு கேப்பானுங்க அவர, அவர சொல்லியும் குத்தமில்ல.

ஒரு வேலை செய்யேன். அந்த டிவில காட்ற அதே ஆத்துல, கீழ நாம்ஃபோர்சன்னு ஒரு எடம், பாறைல கற்காலத்து ஆளுங்க செதுக்கின உருவம் 2,000-க்கும் மேல இருக்காம், அதுல நெறைய மூஸுதானாம். நீ இருக்கற உமேயோலேர்ந்து காடில போயிட்டு வர்ற தூரம்தான். லீவுல புள்ளைங்கள கூட்டிட்டு போயி நல்லா கிட்டத்துல படம் புடிச்சி அனுப்பு, சின்ன தொர மேசைல வைக்கறேன். அப்புறம் உன் அப்பா வீட்டு கிராண்ட், அதான் பட்டா பேப்பர் விஷயமா லாயர் ரெண்டு தடவ கூப்பிட்டாரு, உன் அடையாள கார்டு ஐசி காப்பி வேணுமாம், மறக்காம இந்த வாரமே அனுப்பிடு.

உன்
முனியாண்டி