சைக்கிளுக்கு வரிச்சலுகை வரட்டும், ஆனா வரி கட்டாதவங்களையும் சேர்த்து வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

ஐகோர்ட் உத்தரவுல 2024 மே 7ல இருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துச்சு, அடுத்த வருஷ சீசனுக்கு நீலகிரியில வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறுல 8,000 வண்டினு அளவும் வச்சாங்க. அதெல்லாம் வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்கு. உள்ளூர்ல நாம தினமும் வேலைக்கு எடுத்துட்டு போற வண்டிய பத்தி யாரும் வாய் திறக்கறதில்ல, காலையில குன்னூர் பெட்ஃபோர்ட்ல நின்னு பாத்தீங்கன்னா ஒரு காருக்கு ஒரு ஆள்னு வரிசையா நிக்குது. அதனால வெளிநாட்டுல இருக்கற மாதிரி வேலைக்கு போக சைக்கிள் வாங்கினா வரியில கழிவு குடுக்கணும்னு சில பேர் சொல்றப்போ எனக்கு சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா நான் குன்னூர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல சம்பளக் கணக்கு பாக்குறவன், அந்த ஸ்கீம் எப்படி நடக்குதுனு தெரிஞ்சுக்காம அப்படியே இங்க கொண்டு வந்தா யாருக்கு போய் சேரணுமோ அவங்களுக்கு ஒரு பைசா கூட போகாது, அதைத்தான் எழுத நினைச்சேன்.

இங்கிலாந்துல இது 1999ல இருந்து இருக்கு. கம்பெனி சைக்கிள வாங்கி தொழிலாளிக்கு வாடகைக்கு விடும், வாடகைய மாச சம்பளத்துல வரி போடறதுக்கு முன்னாடியே பிடிச்சுக்கும், அதனால அந்த அளவுக்கு வருமான வரியும் கிடையாது, நேஷனல் இன்சூரன்ஸும் (பென்ஷன் மாதிரி சலுகைகளுக்காக அரசு சம்பளத்துல பிடிக்கற சந்தா) கிடையாது. ஹெல்மெட், லைட், பூட்டு எல்லாம் இதுல சேர்த்தி. வாடகை முடியற வரைக்கும் சைக்கிள் நம்மளது இல்ல, முடிஞ்சதும் சைக்கிள் உனக்கேனு முன்கூட்டியே எழுதிக் குடுக்கவும் கூடாது, ஏன்னா அப்படி குடுத்தா அது வாடகை இல்ல, தவணைக்கு வித்த மாதிரி ஆயிடும், சலுகை நிக்காது. கடைசியில சொந்தமாக்கணும்னா அன்னைக்கு என்ன மதிப்போ அதை குடுக்கணும், அதுக்கு வரித்துறையே ஒரு டேபிள் போட்டிருக்கு. 500 பவுண்டுக்கு மேல விலை உள்ள சைக்கிள்னா ஒரு வருஷம் கழிச்சு 25 சதவீதம், நாலு வருஷம் கழிச்சு 7 சதவீதம். நடுவுல வேலைய விட்டா மிச்ச வாடகைய வரி பிடிச்ச பிறகு கைக்கு வர்ற சம்பளத்துல இருந்து கட்டணும். இன்னொன்னு, சம்பளத்த குறைச்சு காட்டறதால பிரசவ கால சம்பளம் மாதிரி சிலதும் குறைய வாய்ப்பு இருக்கு, இத விளம்பரத்துல பெருசா சொல்ல மாட்டாங்க.

முக்கியமான விதி என்னன்னா அந்த சைக்கிள் பெரும்பாலும் வேலைக்கு போய் வர்றதுக்கு பயன்படணும், அதாவது மொத்த பயன்பாட்டுல பாதிக்கு குறையாம. ஆனா தினமும் எத்தனை மைல் ஓட்டினேன்னு யாரும் நோட்டு போட்டு எழுத வேண்டியதில்ல, ஆளோட வார்த்தைய நம்பித்தான் விட்டிருக்காங்க. அங்க வேலை பாக்குற என் அக்கா பையன் போன்ல சொன்னான், மாமா, எங்க ஆபீஸ்ல சில பேர் மகனுக்கு மலையேத்தற சைக்கிள் வாங்கி குடுத்துட்டு இவங்க கார்லதான் வர்றாங்க, யாரும் கேக்கறதில்ல, நானும் தம்பிக்கு ஒன்னு வாங்கலாமானு. வேண்டாம்னு சொன்னேன். யாரும் பாக்கலங்கறதுக்காக அது சரியாயிடாது, கையெழுத்து போட்டு வேலைக்கு போகத்தான்னு சொல்லிட்டு வேற எதுக்கோ எடுத்தா அந்த வரிப்பணம் வேற யாரோ கட்டினது, ஆஸ்பத்திரிக்கும் ரோட்டுக்கும் போக வேண்டியது. எங்க தொழில்லயே சில பேர் இதையெல்லாம் டாக்ஸ் பிளானிங்னு கௌரவமா சொல்றாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்லைங்க, விதி குடுத்த இடத்துல சலுகைய வாங்கறது வேற, பொய் சொல்லி வாங்கறது வேற. ஞாயித்துக்கிழமை அதே சைக்கிள்ல சுத்தினா தப்பே இல்ல, விதியே அதுக்கு இடம் குடுக்குது. வேலைக்கு ஒரு நாளும் எடுக்காம இருக்கறதுதான் தப்பு.

ஆனா எனக்கு அதைவிட பெரிய மனக்குறை விதிய மீறறவங்க மேல இல்ல, விதிய ஒழுங்கா கடைப்பிடிச்சாலே வர்ற அநியாயத்து மேலதான். கணக்க பாருங்க. 1,000 பவுண்டு சைக்கிளுக்கு சாதாரண சம்பளக்காரருக்கு 20 சதவீத வரியும் 8 சதவீத இன்சூரன்ஸும் மிச்சம், 280 பவுண்டு. வருஷத்துக்கு 50,270 பவுண்டுக்கு மேல வாங்குறவருக்கு 40 சதவீத வரியும் 2 சதவீத இன்சூரன்ஸும் சேர்ந்து 420 பவுண்டு மிச்சம். அதே சைக்கிள், அதே ரோடு, பெரிய சம்பளக்காரருக்கு மட்டும் 140 பவுண்டு கூட. குறைஞ்சபட்ச கூலி வாங்குறவர் இதுல சேரவே முடியாது, ஏன்னா வாடகைய கழிச்சா சம்பளம் சட்டத்துல சொன்ன கூலிக்கு கீழ போயிடும். அந்த கூலிச் சட்டம் தொழிலாளிய காப்பாத்த வந்தது, அதை நான் குறை சொல்லல. ஆனா ஆபீஸ கூட்டிப் பெருக்கறவங்க விடியக்காலைல பஸ் இல்லாத நேரத்துல சைக்கிள மிதிச்சு வர்றாங்க, அவங்க முழு விலை குடுக்கணும், மேனேஜர் முக்கால் விலை கூட குடுக்க வேண்டாம்னா அது எந்த ஊர் நியாயம்?

இங்க கொண்டு வந்தா இன்னும் மோசமா போகும். 2025-26ல இருந்து புது வருமான வரி முறையில 12 லட்சம் வருமானம் வரைக்கும் வரி இல்ல. எஸ்டேட் ஃபேக்டரில வேலை பாக்குறவர், லாட்ஜ்ல ரூம் பாய், மருந்து கடை பொண்ணு, காண்ட்ராக்ட் தூய்மைப் பணியாளர், இவங்க யாருக்கும் கழிக்க வரியே கிடையாது. அப்போ இந்த சலுகை யாருக்கு? ஊட்டியில பங்களா வாங்கி வீட்ல உக்காந்து கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறவருக்கு, அவர் தினமும் வேலைக்கு எங்க போறாரு?

அதுக்காக நம்ம வரி விதியில சைக்கிளுக்கு அநியாயமே இல்லைனு சொல்ல வரல. 2026 மார்ச் வரைக்கும் இருந்த 1962 வருமானவரி விதிகள்ல, கம்பெனி பயன்படுத்தின பொருள பிறகு தொழிலாளிக்கு மாத்தி குடுத்தா மதிப்பு எப்படி குறைக்கணும்னு இருந்துச்சு. கம்ப்யூட்டருக்கு வருஷம் 50 சதவீதம், காருக்கு 20 சதவீதம், மத்த எல்லாத்துக்கும் வாங்கின விலையில வருஷம் 10 சதவீதம். சைக்கிள் அந்த மத்ததுல வந்துச்சு. நாலு வருஷம் ஓட்டின காருக்கு மதிப்பு சுமார் 41 சதவீதம்னு கணக்கு, நாலு வருஷம் மழையிலயும் பனியிலயும் நின்ன சைக்கிளுக்கு 60 சதவீதம். இலவசமா குடுத்தா அந்த மதிப்பு முழுக்க சம்பளத்தோட சேர்ந்து வரிக்கு வரும். இத மாத்தணும்னு கேக்கறதுல எந்த தப்பும் இல்ல. 2025 செப்டம்பர் 22ல சைக்கிளோட ஜிஎஸ்டி 12ல இருந்து 5 சதவீதமா குறைஞ்சுது பாருங்க, அது நல்ல வழி, கடையில போய் நிக்கற எல்லாருக்கும் ஒரே அளவு கிடைக்குது, சம்பள ஸ்லிப் கேக்கறதில்ல.

இப்போ நம்ம மலைக்கு வர்றேன். கியர் இல்லாத சைக்கிள் இங்க பாதி நேரம் தள்ளிட்டுத்தான் போகணும். பதினொன்னாம் வகுப்பு பிள்ளைங்களுக்கு அரசு குடுக்கற விலையில்லா சைக்கிள் சமவெளிக்கு அருமையான திட்டம், எத்தனையோ பொண்ணுங்க படிப்ப நிறுத்தாம போனதுக்கு அதுவும் ஒரு காரணம். ஆனா அதே சைக்கிள் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டிக்கு (படுகர் கிராமம்) போனா இறக்கத்துல பிரேக் தாங்காது, ஏத்தத்துல கால் தாங்காது. மலைப்பகுதி பிள்ளைங்களுக்கு ஸ்வெட்டரும் ரெயின்கோட்டும் பூட்ஸும் தனியா குடுக்கணும்னு அரசுக்கு தெரிஞ்சிருக்கு, சைக்கிள்ல மட்டும் மலை ஏன் கண்ணுல படலனு நான் பல தடவை யோசிச்சிருக்கேன். குன்னூர்ல இருந்து ஊட்டிக்கு ஏறணும்னா கிட்டத்தட்ட 400 மீட்டர் உயரம் ஏறணும், வேர்வையோட பேங்க் கவுண்டர்ல போய் யாரும் உக்கார மாட்டாங்க. மிதிக்க மிதிக்க மோட்டார் கை குடுக்கற பேட்டரி சைக்கிள்தான் இங்க சரி வரும், 250 வாட்டுக்கு குறைவான மோட்டார், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள்ளனா லைசென்சும் வேண்டாம் ரிஜிஸ்ட்ரேஷனும் வேண்டாம். விலைதான் சாதாரண சைக்கிள போல பல மடங்கு. அயர்லாந்துல இத யோசிச்சு 2020லயே சாதா சைக்கிளுக்கு 1,250 யூரோ, பேட்டரி சைக்கிளுக்கு 1,500 யூரோனு வரம்ப தனித்தனியா பிரிச்சாங்க, ஒரு ஆளுக்கு நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான். அந்த நாலு வருஷக் கணக்கு நல்ல கட்டுப்பாடு, வருஷா வருஷம் வாங்கி வித்து லாபம் பாக்க முடியாது.

அதனால நம்ம ஊருக்கு ஒரு திட்டம் வரணும்னா, வரி விகிதத்த பாக்காம ஆளுக்கு இவ்வளவுனு ஒரே தொகை இருக்கணும், வரி கட்டாதவங்களுக்கு அதை கையில குடுக்கணும், காண்ட்ராக்ட் ஆட்களையும் தினக்கூலிகளையும் சேர்க்கணும், பேட்டரி சைக்கிளுக்கு கூடுதல் வரம்பு, நல்ல டிஸ்க் பிரேக்கும் முன்னாடி பின்னாடி லைட்டும் கட்டாயம். சாயங்காலம் மஞ்சு இறங்கினா பத்தடி தள்ளி நிக்கற காட்டெருமையே தெரியறதில்ல, சைக்கிள்காரர் எப்படி தெரிவாரு. வேலைக்குத்தான் ஓட்டறேன்னு கையெழுத்து வாங்கணும், ஆனா கண்காணிக்கறேன்னு ஆள் பின்னாடி போக வேண்டாம், ஆபீஸ்ல சைக்கிள் நிறுத்த ஒரு கூரை போட்டாலே யார் கொண்டு வர்றாங்க யார் வரலனு தெரிஞ்சிடும்.

டெல்லியில சட்டம் மாறற வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம்ங்க. முதலாளி தொழிலாளிக்கு வட்டியில்லாம குடுக்கற கடன் மொத்தமா 20,000 ரூபாய்க்குள்ள இருந்தா அதுக்கு வரி கிடையாதுனு அதே 1962 விதியிலயே இருந்துச்சு, 2026 ஏப்ரல்ல வந்த புது விதிகள்லயும் அந்த அளவு கடனுக்கு வரி வராது. 20,000 ரூபாய்க்கு கியர் உள்ள நல்ல சைக்கிள் வரும். எஸ்டேட், டீ ஃபேக்டரி, ஹோட்டல், ஸ்கூல் நடத்தற யாரும் நாளைக்கே இத ஆரம்பிக்கலாம், மாசம் ஆயிரம் ரூபாய்னு சம்பளத்துல பிடிச்சா ரெண்டு வருஷத்துக்குள்ள கடன் முடிஞ்சிடும், சைக்கிள் முதல் நாள்ல இருந்தே தொழிலாளி பேர்லயே இருக்கும். எங்க ஆபீஸுக்கு வர்ற முதலாளிங்க கிட்ட நான் இத சொல்லிட்டுத்தான் இருக்கேன், உங்க பேப்பர்ல வந்தா இன்னும் நாலு பேர் காதுல விழும்.

இப்படிக்கு,
ஆடிட்டர் ஆபீஸ் கணக்கர் ஒருவர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.