தம்பிக்கு, பேஸ்மென்ற் லைற் விஷயமாக

தம்பி,

டிராகன் குகைக்கு, அதுதான் நம் பேஸ்மென்ற்றுக்கு, லைற் வாங்கிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான். நீ அனுப்பிய ஊதா, நீலப் படங்கள் எல்லாம் போனில் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றையும் எடுக்கவில்லை. எலெக்ட்ரீஷியன் வந்து வயர் இழுத்தாயிற்று, இனி மாற்றமாட்டேன்.

2013 டிசம்பர் ஐஸ் மழையில் ரொறன்ரோவில் 3 இலட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போனபோது, அம்மா குத்துவிளக்கைக் கீழே கொண்டுவந்து நிலத்தில் வைத்தாரே, அந்த இரவைப் பார்த்துத்தான் வாங்கினேன். ஐந்து திரியும் எரிந்தன. நீ உன் பொம்மை டிராகனை விளக்குக்கு முன்னால் வைத்தாய். சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக மங்கல் நிழல்கள், எது சிறகு எது வால் என்றே தெரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு நாலு திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிட்டாய். "ஐயோ, விளக்கை நூர்க்கிறான்" என்று அம்மா கத்தினார். மிச்சமிருந்த ஒற்றைச் சுடரில் அந்த விரல் நீள டிராகன் சுவரில் ஏறி, சீலிங்கில் மடங்கி, எங்கள் தலைக்கு மேலே சிறகை விரித்தது. பயத்தில் உன் கையைப் பிடித்தேன். நீ என்னைப் பகிடி பண்ணவில்லை.

அதனால்தான் சீலிங்கில் ஒரு லைற்றும் இல்லை. அந்தத் தாழ்ந்த கூரையில், உள்ளே பதிக்கும் பாட் லைற் வரிசை வைத்தால் கல் பதித்த சுவர் தட்டையாகத் தெரியும். சுவரோரம் நிலத்தில், அலுமினியச் சட்டத்துக்குள் எல்ஈடி பட்டியை ஒளித்து, கல்லை உரசிக்கொண்டு மேலே போக விட்டிருக்கிறேன். இப்போது ஒவ்வொரு கல்லுக்கும் நிழல் இருக்கிறது. நிறம் 2200 கெல்வின், எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும். மெழுகுதிரி 1900 அளவில், பழைய குண்டு பல்ப் 2700, இது நடுவில். பட்டியின் வெளிச்சத்தில் நிழல் கூர்மையாக விழாது, அதற்காக மேசையில் ஒரேயொரு சின்ன லைற்.

உன் நீலத்தில் சிவப்பெல்லாம் கறுப்பாய்த்தான் தெரியும். என் நகப்பூச்சைத் திருடி அந்த டிராகனுக்குப் பூசியவனே நீதானே! விளம்பரப் படத்தில் அழகாக இருக்கும், கீழே ஆட்களை உட்காரவைத்தால் அத்தனை பேரும் நோயாளிகள்.

உனக்கென்ன, கல்கரியில் இருந்துகொண்டு படம் அனுப்பலாம். குடியிருந்தவர்கள் போன பிறகு ஈரம் ஊறிய சுவரைப் பிரித்தபோது பக்கத்தில் நின்றவள் நான். ஏன் வாடகைக்கு விட்டோம் என்று கேட்டாய். அதற்கு இங்கே பதில் எழுதமாட்டேன், பெரியம்மா வீட்டில் எல்லோரும் இதைப் படிப்பார்கள். பாதியில் போனை வைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள். ஆனால் நீ அன்றைக்கு அம்மாவைப் பற்றிச் சொன்னது சரியில்லை, இன்னும் சரியில்லை.

சரி. படிக்கட்டுக்குக் கீழ் மூலைக்குத் தனி ஸ்விட்ச் போட்டு வெறுமையாக விட்டிருக்கிறேன். அங்கே உன் ஊதாவை வைத்துக்கொள், மந்திரவாதி வீடு என்று பெயரும் வை. பட்டி வாங்கும்போது 24 வோல்ற்றா என்று பார். 12 வோல்ற் பட்டியைக் கொழுவினால் கருகிவிடும், பிறகு என்னைப் பேசாதே.

கிறிஸ்மஸுக்கு ரிக்கெற் போட்டால் முதலில் எனக்குச் சொல். போடாமல் அம்மாவுக்கு ஆசை காட்டாதே.

அக்கா