செக் சொற்பட்டியல் பற்றி மாலதிக்கு

அன்புள்ள மாலதி,

கடிதமும் கூடவே நீ அனுப்பிய ஆங்கில-செக் மொழிச் சொற்பட்டியலும் கிடைத்தன. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பிராகில் குளிர் பிடிக்கத் தொடங்கிவிட்டது. மற்றபடி இங்கே எல்லோரும் நலம். பட்டியல் சரியாக இருக்கிறதா என்ற உன் கேள்விக்கு நேராக வந்துவிடுகிறேன்.

அன்றாட ஆங்கிலச் சொற்களை இடப்பக்கமும் அவற்றுக்கான செக் சொற்களை வலப்பக்கமும் வைத்து இரண்டே பத்தியில் முடித்திருக்கிறாய். வலப்பக்கம் இருப்பவை பெரும்பாலும் சரியான சொற்களே. கோளாறு பட்டியலின் அமைப்பில்தான். ஆங்கிலத்தில் ஒரு சொல் நிற்கும் இடத்தில் செக்கில் மூன்று நான்கு நிற்கும். அதில் ஒன்றை மட்டும் எழுதிக் கொடுத்தால், படிக்கிறவர் அதை எல்லா இடத்திலும் போட்டுவிடுவார்.

ஆங்கில 'கோ'வுக்கு 'யீத்' என்று மட்டும் எழுதியிருக்கிறாய். 'யீத்' என்றால் இப்போது, ஒரு திசையில், காலால் நடந்து போவது. வண்டியில் போனால் 'யெத்'. வழக்கமாக நடந்து போய்வந்தால் 'ஹொதித்', வழக்கமாக வண்டியில் போய்வந்தால் 'யெஸ்தித்'. பக்கத்துக் கடைக்கு 'யீத்' சரி. பிராகிலிருந்து பிர்னோ நகருக்குப் போகிறேன் என்பதற்கு அதையே சொன்னால், சுமார் 200 கிலோமீட்டர் நடக்கப் போகிறாயா என்று கேட்பார்கள். இதிலும் ஒரு விலக்கு உண்டு: பிள்ளை பள்ளிக்குப் போகிறது என்றால், பஸ்ஸில் போனாலும் 'ஹொதித்'தான். அங்கே அதன் பொருள் 'அந்தப் பள்ளியில் படிக்கிறது' என்பது. தமிழ் 'போ' இங்கே நமக்கு உதவாது, ஆங்கிலத்தைப் போலவே அதுவும் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது.

'தெரியும்' என்பதும் அப்படித்தான். விஷயம் தெரியும் என்றால் 'வ்யெத்யெத்', ஆளையோ ஊரையோ தெரியும் என்றால் 'ஸ்னாத்', நீச்சல் தெரியும், சமையல் தெரியும் என்றால் 'உம்ன்யெத்'. 'வை' என்பதற்குப் புத்தகத்தைப் படுக்க வைத்தால் ஒரு வினை, பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் இன்னொன்று, கோட்டை மாட்டி வைத்தால் மூன்றாவது. அவசரத்துக்கு 'தாத்' என்று சொன்னால் எங்கேயும் புரியும். தொடக்க நிலைப் பட்டியலில் அதை முதலில் போடு, மற்றவற்றை அடுத்த வரியில் சேர்.

இவை கடினமான இடங்கள். ஆனால் உன் பட்டியலைப் பார்த்தால், தமிழ் உனக்கு எளிதாகத் தந்திருக்கக்கூடிய இடங்களிலும் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறாய். ஆங்கிலத்தில் கைக்கு இரண்டு சொல், காலுக்கு இரண்டு சொல் இருப்பதால் செக்கிலும் இரண்டிரண்டு தேடிப் பிடித்திருக்கிறாய். அன்றாடப் பேச்சில் தோளிலிருந்து விரல் வரை 'ருக்கா', இடுப்பிலிருந்து பாதம் வரை 'நொஹா', கைவிரல் கால்விரல் எல்லாம் 'ப்ர்ஸ்த்'. நம் கை, கால், விரல் அப்படியே. நீ எழுதியிருக்கும் 'ஹொதித்லோ' உள்ளங்காலைக் குறிக்கும் சொல். கால் வலிக்கிறது என்று சொல்ல அதை எடுத்தால் எலும்பு மருத்துவரின் அறிக்கை மாதிரி இருக்கும்.

அடுத்து 'எனக்கு'. எனக்குக் குளிருது, எனக்கு முப்பது வயது, எனக்கு இந்த ஊர் பிடிச்சிருக்கு என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதை செக்கும் அதே வேற்றுமையில்தான் சொல்லும் (செக் இலக்கணத்தில் அதற்கு எண் மூன்று): 'யெ மி ஸிமா', 'யெ மி த்ஷித்ஸெத்', 'லீபீ ஸெ மி'. இதில் 'மி' என்பது 'எனக்கு'. ஆங்கிலத்தின் 'ஐ ஆம்' வழியாக வந்தவர்கள் 'ய்ஸெம்' என்று ஆரம்பித்து, 'நானே குளிர்காலம்' என்கிற பொருளில் முடிப்பார்கள். பிடிக்கும் என்பதில் மட்டும் கவனம். கண்ணுக்குப் பிடித்தால் 'லீபீ ஸெ', நாக்குக்குப் பிடித்தால் 'ஹுத்னா', நெடுநாளாக விரும்புவது என்றால் 'மாம் ராத்'. கடைசியதைப் பெண் சொன்னால் 'மாம் ராதா'. இரண்டையும் எழுதாத பட்டியல் பாதிப் பேருக்குத் தவறான வாக்கியத்தைக் கற்றுக்கொடுக்கும்.

ஆங்கிலத்தின் 'எ', 'த' எல்லாவற்றுக்கும் ஏதாவது சொல் கண்டுபிடிக்கப் பார்க்காதே. செக்கில் அவை இல்லை. சொல்வரிசை அந்த வேலையைப் பார்க்கிறது. மேசையில் புத்தகம் இருக்கிறது, புத்தகம் மேசையில் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் உனக்குத் தெரியும் வித்தியாசம் செக்கிலும் அதே வரிசையில் வரும். முன்பே தெரிந்தது முன்னால், புதியது பின்னால். நீ, நீங்கள் வேறுபாடும் உண்டு: 'தி', 'வி'. ஆங்கிலத்திலிருந்து வருபவர்களுக்குப் பெரிய தலைவலி, நமக்கு ஒன்றுமே இல்லை. 'அவன் தன் புத்தகத்தை எடுத்தான்' என்பதில் வரும் 'தன்'னுக்கு 'ஸ்வூய்' இருக்கிறது. அதை விட்டு 'யெஹொ' போட்டால் வேறு யாருடைய புத்தகத்தையோ எடுத்தான் என்று ஆகிவிடும்.

சமையலறைப் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் அங்கே சொல் தவறினால் பண்டமே கெட்டுவிடும். மாவு என்பதற்கு 'மொவ்கா' என்று விட்டிருக்கிறாய். கடையில் கோதுமை மாவு மூன்று அரைப்பில் கிடைக்கும்: நைசான 'ஹ்லத்கா', நடுத்தர 'பொலொஹ்ருபா', கொரகொரப்பான 'ஹ்ருபா'. அதற்கும் மேல் பெரிய குருணை 'க்ருபித்ஸெ', அது நம் ரவை. குழம்பைக் கெட்டியாக்கவும் மெல்லிய கேக்குக்கும் ஹ்லத்கா. குழியச்சில் வார்க்கும் 'பாபொஃப்கா' கேக்குக்குப் பொலொஹ்ருபா. 'க்னெத்லீக்' என்ற வேகவைத்த மாவுருண்டைக்கு ஹ்ருபா. நைஸ் மாவில் செய்தால் அது பசைபோல் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலக் குறிப்பில் சும்மா மாவு என்று இருந்தால் ஹ்லத்கா என்று எழுது, பெரும்பாலும் சரியாக வரும்.

அளவுகளில் கப் கணக்கை அப்படியே கொண்டுபோகாதே. அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி, அதில் மாவு 120 முதல் 125 கிராம். செக் சமையல் குறிப்பில் வரும் 'ஹர்னெக்' பொதுவாக 250 மில்லி குவளை. அமெரிக்க 'ஸ்டிக்' வெண்ணெய் 113 கிராம், செக் கடையில் ஒரு கட்டி 250 கிராம். 'ஸ்டிக்' என்பதை 'ஒரு வெண்ணெய்' என்று பெயர்த்தால் இருமடங்குக்கு மேல் விழுந்து கேக் எண்ணெயில் மிதக்கும். அடுப்புச் சூடு 350 ஃபாரன்ஹீட் என்றால் 180 செல்சியஸ் என்று மாற்றிவிடு. இறைச்சி, சீஸ் கவுண்டரில் எடையை 'தெக்கா'வில் சொல்வார்கள். ஒரு தெக்கா 10 கிராம், 'தெஸெத் தெக்கா' என்றால் 100 கிராம். போர்வைக்கும் 'தெக்கா'தான், இரண்டையும் தனித்தனி வரியில் போடு. சமையல் சோடாவும் பேக்கிங் பவுடரும் வேறு வேறு: முன்னது 'யெத்லா ஸொதா', பின்னது 'ப்ராஷெக் தொ பெச்சிவா'. க்ரீமில் குடிக்கும், ஊற்றும் வகை 'ஸ்மெத்தானா'. முகத்துக்குப் பூசுவதும் கேக்கின் உள்ளே வைப்பதும் 'க்ரேம்'.

கேக்குக்கு ஒரே சொல் கேட்டிருந்தாய். அப்படி ஒன்று இல்லை. அடுக்கடுக்காகக் க்ரீம் வைத்த பிறந்தநாள் கேக் 'தோர்த்'. நடுவில் பழமோ பாலாடைக்கட்டியோ வைத்த தட்டையானது 'கொலாச்'. தட்டில் சுட்டுத் துண்டு போட்டது 'புஹ்தா'. எது என்று தெரியாமல் மொழிபெயர்க்க முடியாது, படத்தைக் கேட்டு வாங்கு.

வீட்டுச் சொற்களில் வீட்டு விளம்பரத்தைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். செக் வீடுகளைப் படுக்கையறை எண்ணிக்கையால் சொல்வதில்லை, மொத்த அறைகளால் சொல்கிறார்கள். 3+1 என்றால் மூன்று அறையும் தனிச் சமையலறையும். 3+கேகே என்றால் மூன்று அறை, அதில் ஒன்றின் மூலையில் சமையல் மேடை. ஆங்கிலத்தில் இரண்டு படுக்கையறை வீடு என்றால், ஹாலையும் ஓர் அறையாகச் சேர்த்து இங்கே 3+1 அல்லது 3+கேகே. '2' என்று எழுதினால் ஓர் அறை காணாமல் போகும். மாடிக் கணக்கு நம்மூர் மாதிரிதான்: தரைத்தளம் 'ப்ஷீஸெமீ', அதற்கு மேல்தான் முதல் 'பத்ரொ'. அமெரிக்க ஆங்கிலத்தின் முதல் மாடி இங்கே தரைத்தளம். கழிப்பறையைக் குளியலறை என்று நாசூக்காகக் கேட்கும் அமெரிக்கப் பழக்கத்தையும் கொண்டுவராதே. 'கொபெல்னா' என்றால் குளிக்கும் இடம் மட்டுமே. உணவகத்தில் கேட்க வேண்டியது 'தொவலெத்தா'.

மணி சொல்வதில் தமிழர் தடுக்கி விழுவது உறுதி. நாம் கடந்த மணியைச் சொல்கிறோம், செக்காரர் வரப்போகும் மணியைச் சொல்கிறார்கள். 'பூல் ஓஸ்மே' என்பது எட்டின் பாதி, அதாவது ஏழரை. எட்டரை என்று எடுத்துக்கொண்டால் சந்திப்புக்கு ஒரு மணி நேரம் தாமதம். மாதப் பெயர்களில் ஜூன் 'ச்செர்வென்', ஜூலை 'ச்செர்வெனெத்ஸ்'. பட்டியலில் பெரிய எழுத்தில் பக்கத்துப் பக்கத்தில் வை. எண்ணிக்கையில் ஒன்று, இரண்டு முதல் நான்கு, ஐந்துக்கு மேல் என்று பெயர்ச்சொல் மூன்று வடிவம் எடுக்கும்: ஒரு பீர் 'பிவொ', மூன்று 'பிவா', ஐந்து 'பிஃப்'.

ஒலியைப் பார்த்து ஏமாறும் சொற்களுக்கு ஒரு பக்கம் தனியாக ஒதுக்கு. 'ஹொஸ்த்' விருந்தாளி, விருந்து கொடுப்பவர் அல்ல. 'ஷேஃப்' மேலதிகாரி, சமையல்காரர் அல்ல. பேச்சில் வரும் 'நொ' பெரும்பாலும் ஆமாம் என்பதன் சுருக்கம், மறுப்பு அல்ல. 'கிம்னாஸியும்' மேல்நிலைப்பள்ளி, உடற்பயிற்சிக்கூடம் அல்ல. ஜாம் பாட்டிலில் பதப்பொருள் சேர்க்கப்படவில்லை என்று எழுத 'ப்ரெஸெர்வதிஃப்' என்று போட்டுவிடாதே, அது ஆணுறை. வேண்டிய சொல் 'கொன்ஸெர்வந்த்'. 'ப்ஷீத்தெல்' நண்பன்தான் என்றாலும், ஒரு பெண் 'என் ப்ஷீத்தெல்' என்றால் காதலன் என்றே எடுத்துக்கொள்வார்கள். சாதாரண நட்புக்குக் 'கமராத்'.

கடன்சொல்லா தனிச்சொல்லா என்று கேட்டிருந்தாய். இதற்கு விதி இல்லை, வழக்கைத்தான் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் செக் மொழிக்குப் புத்துயிர் கொடுத்த மறுமலர்ச்சிக்காரர்கள் நம் தனித்தமிழ் அன்பர்களைப் போல நிறையச் சொற்களை ஆக்கினார்கள். யோஸெஃப் யுங்மனின் செக்-ஜெர்மன் அகராதி 1830களில் ஐந்து பெரிய தொகுதிகளாக வந்தது. அந்த மனப்போக்கு இன்றும் இருக்கிறது. கணிப்பொறிக்கு 'பொச்சீத்தாச்', எண்ணுதல் என்ற வினையிலிருந்து, நம் கணினி போலவே. விமான நிலையம் 'லெத்திஷ்த்யெ', பறப்பதிலிருந்து. ஆனால் வார இறுதி 'வீகெந்த்', அணி 'தீம்', கம்பளிச் சட்டை 'ஸ்வெத்ர்', எல்லாம் செக் எழுத்துக்கூட்டலில் குடியேறிவிட்டவை. இவற்றைத் தூய்மைப்படுத்த முயலாதே, யாரும் பேசமாட்டார்கள்.

வினைச்சொற்களை எப்போதும் இணையாக எழுது. வாங்கிக்கொண்டிருப்பது 'குபொவத்', வாங்கி முடிப்பது 'கொபித்'. வாங்குவேன் என்பதற்கு 'கொபீம்' போதும். 'புது' என்ற எதிர்காலத் துணைவினையோடு 'கொபித்'தைச் சேர்த்தால் பிழை, தொடக்கக்காரர்கள் அதிகம் செய்யும் பிழையும் அதுவே. சன்னலை மூடு என்பதற்கு முடிந்த வினை, மூடாதே என்பதற்கு முடியாத வினை. இணையின் ஒரு பாதியை மட்டும் கொடுத்தால் இதில் ஒன்றைச் சொல்லவே முடியாது.

ஆகவே பத்திகளை இப்படி மாற்று: ஆங்கிலச் சொல், எந்தச் சூழலில், செக் சொல், பெயரானால் பால் மற்றும் பன்மை, வினையானால் அதன் இணை, கடைசியில் ஒரு முழு வாக்கியம். வாக்கியம் இல்லாத வரியைச் சேர்க்காதே. சந்தேகம் வந்தால் செக் தேசியக் கோர்ப்பஸின் (பெரிய உரைத் தொகுப்பு அது) 'ட்ரெக்' என்ற இணையக் கருவியில் ஆங்கிலச் சொல்லைப் போடு, மொழிபெயர்ப்புகளில் அதற்கு என்னென்ன சொற்கள் எத்தனை முறை வந்திருக்கின்றன என்று காட்டும். வேற்றுமை வடிவங்களுக்குச் செக் மொழி நிறுவனத்தின் இணையக் கையேட்டைப் பார். இரண்டும் இலவசம். தமிழெழுத்தில் நான் கொடுத்திருக்கும் உச்சரிப்பெல்லாம் தோராயம்தான், பட்டியலில் செக் எழுத்தையே வை.

முதலில் சமையலறைப் பகுதியைத் திருத்தி அனுப்பு, பார்த்துவிடுகிறேன். வினைகள் மெதுவாக வரட்டும். அம்மாவை வெயிலில் கண்ணாடி போடாமல் வெளியே போக விடாதே.

அன்புடன்,
வசந்தி