பயற்றஞ்செடியைப் பிள்ளைகள் பிடுங்கிப் பார்க்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் யாழ்ப்பாணத்து உரும்பிராயில் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்து, தோட்டக்காரக் குடும்பத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். தரம் நான்கில் படிக்கும் என் பேத்தி போன கிழமை பாடசாலைத் தோட்டத்திலிருந்து பூத்து நின்ற பயற்றஞ்செடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கேட்காமல் பிடுங்கியதற்கு நல்ல ஏச்சும் வாங்கியிருந்தாள்.

"அம்மம்மா, வேரெல்லாம் கட்டி கட்டியாக் கிடக்கு. இதுக்கு ஏதும் வருத்தமோ?"

வேரைக் கழுவி, ஒரு முடிச்சை நகத்தால் பிளந்து காட்டினேன். உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் பற்றீரியா குடியிருக்கும் இடம் அது. அப்புறம் எங்கள் வளவில் வாடி நின்ற கத்தரி ஒன்றைப் பிடுங்கினேன். அதன் வேரிலும் கட்டிகள்தான். ஆனால் அது கண்ணுக்குத் தெரியாத புழு செய்த வேலை. பயற்றை வேரை உருவினால் முடிச்சுகள் கழன்று வரும். கத்தரியில் வேரே வீங்கியிருப்பதால் கழலாது. இரண்டையும் மாறி மாறி உருவிப் பார்த்துக்கொண்டு பொழுதுபடும்வரை கிணற்றடியை விட்டு எழும்பவில்லை அவள்.

பாடசாலைத் தோட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைப்பது தண்ணீர் ஊற்றும் வேலை மட்டுமே. செடி அழகாக நிற்க வேண்டும், பார்க்க வருபவர்களுக்குக் காட்ட வேண்டும். சரி, அதுவும் தேவைதான். ஆனால் பிடுங்கிப் பார்க்க விடாத தோட்டத்தில் விஞ்ஞானம் எப்படிப் படிப்பது?

மண்ணில் யூரியா கூடினால் பயற்றை வேரில் முடிச்சு குறையும். செடி எடுக்காமல் விட்ட மிச்சம் மண்ணில் நைத்திரேற்று என்ற உப்பாக மாறி, மழையோடு செம்மண்ணுக்குள் இறங்கி, கீழே சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளால் கிணற்றுக்குப் போகும். எங்கள் வலிகாமப் பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியதற்கு இது ஒரு முக்கிய காரணம். நாங்களும் வெங்காயத்துக்கு அள்ளிக் கொட்டியவர்களே. அந்தத் தண்ணீரைத்தான் இந்தப் பிள்ளைகள் குடிக்கிறார்கள்.

அதிபர்மாரிடமும் சுற்றாடல் படிப்பிக்கும் ஆசிரியர்மாரிடமும் கேட்பது இதுதான். அடுத்த முறை பயற்றை போடும்போது இரண்டு பாத்திகளைப் பிள்ளைகளிடமே விடுங்கள். ஒன்றுக்கு யூரியா போடட்டும், மற்றதற்கு ஒன்றும் வேண்டாம். பூக்கும் நேரம் பாத்திக்கு ஐந்து செடி பிடுங்கி, முடிச்சுகளை எண்ணிக் கொப்பியில் எழுதட்டும். விதைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். போன போகத்தில் காயவைத்து எடுத்த பயற்றம் விதை என்னிடம் ஒரு போத்தல் நிறைய இருக்கிறது. கேட்கிற பாடசாலைக்குக் கொண்டுவந்து தருவேன்.

ஓர் அம்மம்மா,
உரும்பிராய்.